ஃபுல் இன்சூரன்ஸ் என்றொரு பொய்

தீங்கில்லாத பொய்கள் சில உண்டு. "இதோ கிளம்பிட்டேன்", "அடுத்த தெருவுலதான் இருக்கேன்" வகையறா. அவற்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் கார் வாங்கும்போது சொல்லப்படும் ஒரு பொய் அந்த ரகமல்ல.

"ஃபுல் கவருங்க சார்... பம்பர் டு பம்பருங்க. கண்ண மூடிட்டு ஓட்டலாமுங்க!"

கோயமுத்தூரில் கார் வாங்கியவர்களில் இதைக் கேட்காதவர் அபூர்வம். கேட்பவரும் சந்தோஷமாகத் தலையாட்டுவார். கலர் எது, அலாய் வீல் எது, டச் ஸ்கிரீன் எத்தனை இஞ்ச் என்று இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்தவர், வருடா வருடம் பல ஆயிரம் ரூபாய் கட்டப்போகும் பாலிசியை இரண்டு நிமிடம்கூடப் படிக்க மாட்டார். யானையைப் பத்து முறை சுற்றிப் பார்த்து வாங்கியவன், அங்குசம் இருக்கிறதா என்று கேட்கவே இல்லையாம்!

நேராகவே சொல்லிவிடலாம். "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று ஒரு பாலிசியே இந்தியாவில் கிடையாது. சட்டப்படி கட்டாயமான தேர்டு பார்ட்டி பாலிசி உண்டு. அதோடு சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்த பேக்கேஜ் பாலிசி உண்டு. அதற்கு மேல் தனித்தனியாகக் காசு கட்டிச் சேர்க்கும் ஆட்-ஆன்கள் உண்டு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் விற்பவர் வாய்.

இந்த வாய்க்கு அதிகம் பலியாகிறவர்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள். காரணம் எளிது. தண்ணீர், மலை, மண் பாதை என்று பாலிசியில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ, அங்கெல்லாம் போவதற்காகத்தான் அந்த வண்டியையே வாங்குகிறார்கள். கொங்கு நாட்டில் தார், கூர்க்கா, ஜிம்னி, பழைய ஜிப்ஸி, அதைவிடப் பழைய மேஜர் ஜீப் எல்லாம் பந்தாவுக்கு மட்டும் வாங்கப்படுவதில்லை. மழையில் சேறாகிக் கிடக்கும் தோட்டத்துப் பாதைக்கு அது வேண்டும். 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கும், 70 வளைவு ஏறி கொல்லிமலைக்கும் போகிறவருக்கு அது தேவை. ஆனால் அவர் கையில் இருக்கும் பாலிசியின் வாசகம், ஆர்.எஸ்.புரத்தில் இருந்து காந்திபுரத்துக்கு ஆபீஸ் போய்வரும் சின்னக் காருக்கு எழுதியது. இரண்டுக்கும் ஒரே வாசகம்தான்!

பிரீமியத்திலும் அப்படித்தான். 2022 ஜூனில் மத்திய அரசு அறிவித்த தேர்டு பார்ட்டி கட்டணத்தில் 1000 முதல் 1500 சிசி வரையான காருக்கு 3,416 ரூபாய், 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். 1462 சிசி ஜிம்னிக்கு முதல் கணக்கு, 2184 சிசி டீசல் தாருக்கு இரண்டாவது. நான்கு சக்கரமும் இழுக்கிறதா, இரண்டு மட்டுமா என்பதை அந்தக் கட்டணப் பட்டியல் கேட்பதே இல்லை. கேட்காதவரை லாபம் என்று நினைக்கலாம். கிளெய்ம் வரும்போதுதான் யாருக்கு லாபம் என்று தெரியும்.

ஈரோடு சொன்ன பாடம்

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உயிர் சம்பந்தப்பட்ட ஓட்டையை முதலில் பார்க்க வேண்டும்.

கார் விபத்து ஒன்றில் ஒருவர் இறந்துபோனார். குடும்பத்தார் ஈரோடு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்ட ஈடு கேட்டார்கள். சுமார் 14.65 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2019 டிசம்பரில் தீர்ப்பானது. இன்சூரன்ஸ் கம்பெனி அப்பீல் போனது. அது சொன்ன வாதம் ரொம்பச் சின்னது: அந்தக் காருக்கு எடுத்திருந்தது "ஆக்ட் பாலிசி", அதாவது வெறும் தேர்டு பார்ட்டி. வண்டிக்கு வெளியே இருப்பவருக்குத்தான் அது செல்லும், உள்ளே இருந்தவருக்குச் செல்லாது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது.

அதே தீர்ப்பில் நீதிபதி எஸ்.வைத்தியநாதன் இன்னொன்றும் செய்தார். செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு "பம்பர் டு பம்பர்" காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டார். விற்பவரும் பாலிசியை விளக்குவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டும் எழுதியிருந்தார். நாடே பரபரப்பானது. கம்பெனிகள் எல்லாம் நீதிமன்றத்துக்கு ஓடின. நடைமுறைக்கு ஒத்துவராது என்றன. செப்டம்பர் மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பம்பர் போய்விட்டது. நோய் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதில் கல்லூரி மாணவர்களுக்கு என்ன வந்தது? நிறைய!

"20 வருஷத்து ஜீப்புக்கு எதுக்குங்கண்ணா ஃபுல்லு? தேர்டு பார்ட்டி போதுங்க" என்பது இங்கே எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு. அந்த ஜீப்பில்தான் செமஸ்டர் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் ஏறி வால்பாறை போகிறார்கள். மோதிய வண்டி மேல் தப்பு இருந்தால் அதன் இன்சூரன்ஸில் கேட்கலாம். ஜீப் தானாகவே உருண்டால்? பின் சீட்டில் இருப்பவர் மூன்றாம் நபர் கணக்கில் வரமாட்டார். பேக்கேஜ் பாலிசியாக இருந்தால் காரில் பயணம் செய்பவர்களுக்கும் கம்பெனி பொறுப்பு என்று 2009-லேயே ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை விட்டது. அதையொட்டி 2012-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொன்னது. வெறும் ஆக்ட் பாலிசிக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. வண்டிச் சொந்தக்காரருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு என்று 2018-ல் கொண்டுவந்தார்கள். அது சொந்தக்காரருக்கு மட்டும்தான். ஸ்டியரிங்கை நண்பனிடம் கொடுத்தால் நண்பனுக்கு அது கிடையாது.

அதாவது தகர டப்பா மாதிரி இருக்கும் ஜீப்புக்கு எதற்கு ஃபுல்லு என்று மிச்சம் பிடித்த சில ஆயிரம், உள்ளே உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரின் தலைமேல் எழுதிய கடன். அந்த எட்டுப் பேருக்கும் அது தெரியாது என்பதுதான் கொடுமை.

650 மில்லிமீட்டரும் ஒரு சொல்லும்

அடுத்தது தண்ணீர். 2020-ல் வந்த தாரின் விளம்பரத் தாளில் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். படத்தில் வண்டி ஆற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பார்த்து வாங்கியவர் ஒரு மழை நாளில் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியிலோ நொய்யல் தரைப்பாலத்திலோ நம்பி இறங்குகிறார். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வண்டி நிற்கிறது. பதற்றத்தில் இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கிறார். கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் காலி!

பாலிசியில் "வெள்ளம்" என்ற வார்த்தை இருக்கிறது. உண்மைதான். தீ, திருட்டு, கலவரம், நிலநடுக்கம், புயல், வெள்ளம், மண் சரிவு, பாறை சரிவு எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் அடுத்த பத்தியிலேயே "பின்விளைவு நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை, இயந்திரக் கோளாறுக்குப் பொறுப்பில்லை" என்று இருக்கிறது. வெள்ளம் வந்து சீட்டும் கார்ப்பெட்டும் நனைந்தால் அது வெள்ள நஷ்டம். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து உடைத்தால் அது பின்விளைவு. லட்சக்கணக்கான ரூபாய் இன்ஜின் ஒரே ஒரு சொல்லில் மூழ்கிப்போகும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்தபோது இந்தச் சொல்லின் அர்த்தம் ஏராளமானவர்களுக்குப் புரிந்தது.

இதற்கு "இன்ஜின் ப்ரொடெக்ட்" என்று தனி ஆட்-ஆன் விற்கிறார்கள். தண்ணீரில் இறங்கவே மாட்டாத காருக்கும் இது தனி, தண்ணீரில் இறங்கும் என்று சொல்லியே விற்கிற வண்டிக்கும் இது தனி. ஒரே மேஜையில் வண்டியையும் பாலிசியையும் விற்கிறவர், வண்டியைக் காட்டும்போது "ஆத்துல இறக்கலாமுங்க" என்கிறார். பாலிசியை நீட்டும்போது ஆற்றைப் பற்றி மூச்சே விடுவதில்லை. இது மறதியா, தந்திரமா?

மலையில் நின்றால் 1,500 ரூபாய்

வால்பாறை மலையில் பத்தாவது வளைவில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. கிரேன் வரவேண்டும், தூக்க வேண்டும், ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஆழியாறு, பொள்ளாச்சி வழியாகக் கோவை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவர வேண்டும். 2002-ம் வருட இந்திய மோட்டார் டாரிஃப் கொடுத்த பாலிசி வாசகத்தில், தனியார் காரை அப்படிக் கொண்டுவர ஒரு விபத்துக்கு உச்ச வரம்பு எவ்வளவு தெரியுமா? 1,500 ரூபாய்! 2007 ஜனவரியில் டாரிஃப் கட்டணங்களை எடுத்துவிட்டார்கள். வாசகம் மட்டும் அடிப்படையில் அப்படியே தொடர்ந்தது. இன்றைக்கு 1,500 ரூபாய்க்கு மலைக்குக் கிரேன் வருமா?

டயர் கதை இன்னும் விசேஷம். கூரான கல் குத்தி டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் ஒரு பைசா கிடையாது. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பணம், அதுவும் பாதி. மண் பாதைக்கென்றே பெரிய டயர் வாங்கிப் போட்டவர் இதைப் படித்தால் அழுதுவிடுவார்.

ஆக, ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மிகச் சாதாரணமாக நடக்கக்கூடிய மூன்று விஷயங்கள் (தண்ணீர் புகுவது, பள்ளத்தில் மாட்டுவது, டயர் கிழிவது) எதற்குமே "ஃபுல் கவர்" உருப்படியாக உதவாது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாறை உருண்டு விழுந்தாலோ, காட்டுப் பாதையில் யானை வந்து முட்டினாலோ பேக்கேஜ் பாலிசியில் பாடி சேதத்துக்குப் பணம் கேட்கலாம். ஆனால் அந்தப் பணமும் முழுசாக வராது.

தேய்மானக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டிக்கு நாலரை வயது. பில் 1,00,000 ரூபாய். அதில் பிளாஸ்டிக் பாகம் 40,000, இரும்புப் பாகம் 60,000 என்று வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றுக்கும் 50% தேய்மானம்: 20,000 போச்சு. நான்கு முதல் ஐந்து வயது வண்டியின் உலோகப் பாகத்துக்கு 35%: 21,000 போச்சு. 1500 சிசிக்கு மேல் என்பதால் கட்டாயக் கழிவு 2,000. ஆக கைக்காசு 43,000. கம்பெனி தருவது 57,000. இதற்குப் பெயர் ஃபுல்!

"ஜீரோ டிப்" ஆட்-ஆன் போட்டால் இந்தத் தேய்மானம் வராது. ஆனால் அது பெரும்பாலும் புது வண்டிகளுக்குத்தான். தோட்டத்தில் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கிற வண்டிக்குக் கேட்டால் கை விரிப்பார்கள்.

வண்டி மொத்தமாகப் போனால் கிடைப்பது ஐ.டி.வி. என்ற தொகை. டாரிஃப் அட்டவணைப்படி நான்கு முதல் ஐந்து வயது வண்டிக்கு அது கம்பெனி விலையில் பாதி. இந்த மாதிரி வண்டிகளுக்கு இங்கே பழைய வண்டிச் சந்தையில் நல்ல விலை இருக்கிறது. அந்த அட்டவணை சந்தைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

கம்பெனிகளின் நியாயம்

அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். "எல்லாவற்றையும் சேர்த்தால் பிரீமியம் ஏறும். ஆற்றில் இறங்காதவர் இறங்குபவருக்காக ஏன் கட்ட வேண்டும்? வேண்டியவருக்கு ஆட்-ஆன் இருக்கிறதே" என்பார்கள். இதில் தப்பில்லை. இன்சூரன்ஸ் என்பது தர்ம சத்திரம் இல்லை.

ஆனால் அந்த வாதம் நிற்க வேண்டுமானால், வாங்குபவருக்கு என்ன இல்லை என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விற்கும்போது "ஃபுல்லு", கிளெய்மின்போது "நிபந்தனை எண் நாலைப் படிக்கலையா?" என்றால் அது வியாபாரம் இல்லை, கண்கட்டு வித்தை. அந்த நிபந்தனை இருப்பதும் இங்கிலீஷில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். பொங்கலூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அறுபது வயது விவசாயி அதைப் படித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்கிறவர் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லட்டும்.

கம்பெனிகள் நுணுக்கம் பிடித்துக் கைவிரித்தபோதெல்லாம் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டார் என்பதற்காகக் கிளெய்மை அடியோடு தள்ளுபடி செய்யக்கூடாது, ஒரு பகுதியாவது தரவேண்டும் என்று 2010-ல் சொன்னது. திருட்டுப் போனதும் போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணம் காட்டக்கூடாது என்று 2020-ல் சொன்னது. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்து 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி ஓட்டலாமா என்ற சண்டை 2017-ல் ஒருமுறை தீர்ந்து, மறுபடி கிளம்பி, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் "ஓட்டலாம்" என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. பொள்ளாச்சியில் தேங்காயும் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கும் ஏற்றும் பிக்கப் டிரைவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சனை.

வண்டிக்காரர்களும் உத்தமர்கள் இல்லை

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் வெள்ளை போர்டு ஜீப்பை டூரிஸ்ட்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் யார்? பாலிசியில் "வாடகைக்கு அல்ல, சரக்கு ஏற்ற அல்ல, பந்தயத்துக்கும் சோதனை ஓட்டத்துக்கும் அல்ல" என்று இருப்பது தெரிந்தே ஓட்டுகிறவர்கள் உண்டு. அடிபட்ட பிறகு "சொந்தக்காரங்கதாங்க வண்டில இருந்தாங்க" என்று கதை சொல்வதும் உண்டு.

அப்புறம் அந்த அலங்காரம்! முன்னால் இரும்புக் கம்பி, மேலே லைட் வரிசை, வின்ச், அகல டயர். முன்பக்கக் கம்பி வேண்டாம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பதிவுச் சான்றில் இருக்கும் அடிப்படை அம்சங்களை மாற்றி அமைக்கக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்றத்தையும் சொல்லாமல், அதற்குப் பிரீமியமும் கட்டாமல், உடைந்த பிறகு அந்த சாமானுக்கும் பணம் கேட்டால் யார் தருவார்கள்? கம்பெனிக்கு மறுப்பதற்கான காரணத்தைத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுக்கிற வேலை இது. பொய்க்குப் பொய் மருந்து ஆகாது.

என்ன வேண்டும்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். மூன்றே விஷயம் போதும்.

ஒன்று, தமிழ். மருத்துவக் காப்பீட்டில் 2024 ஜனவரி முதல் எளிய சுருக்கத் தாள் கொடுக்க வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 ஜூனில் பொதுக் காப்பீட்டுக்கும் சுருக்கத் தாள் வந்தது. அதைத் தமிழ்நாட்டில் யாரும் கேட்காமலே தமிழில் கொடுக்க வேண்டும். முதல் வரியிலேயே "இந்தப் பாலிசியில் இவை இல்லை" என்று இருக்க வேண்டும்.

இரண்டு, "ஃபுல்", "பம்பர் டு பம்பர்" என்ற வார்த்தைகளைச் சொல்லி விற்பதைத் தடை செய்ய வேண்டும். மருந்துக்கடையில் "எல்லா வியாதியும் தீரும்" என்று மாத்திரை விற்க விடுவார்களா?

மூன்று, ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குத் தனி வாசகம். ஆஸ்திரேலியாவில் ரெக்கவரி செலவையும் மாட்டிய சாமான்களையும் சேர்த்தே இந்த வண்டிகளுக்கென்று பாலிசி விற்கிறார்கள். பிரீமியம் கூட இருக்கட்டும். மண் பாதையில் ஓட்டுகிறவர் கட்டத் தயார். எதற்குக் கட்டுகிறோம் என்பது மட்டும் தெரிய வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். சாலை விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கோவை கங்கா மருத்துவமனை எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் உத்தரவு வந்தது. புதுக் காருக்கு மூன்று வருடம், புது டூ வீலருக்கு ஐந்து வருடம் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயமானது. கோயமுத்தூர்க்காரர் ஒருவர் கேட்டதால் நாடு முழுக்க விற்கும் பாலிசியே மாறியது. கேட்டால் நடக்கும்.

அதுவரை வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது இது. புதுப்பிக்கும்போது பாலிசித் தாளில் "பேக்கேஜ்" என்று இருக்கிறதா, "லயபிலிட்டி ஒன்லி" என்று இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளி நிறுத்தி, போட்டோ எடுத்து, கம்பெனிக்குப் போன் போடுங்கள். 2024 ஜூன் விதிகளின்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தரவேண்டும், அதற்கு 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். காகிதம் குறைகிறது என்று மட்டும் சொல்லிக் கிளெய்மைத் தள்ள முடியாது. மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனிக்குப் புகார் எழுதி ஒரு மாதம் ஆகியும் சரிவராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் இல்லை. 50 லட்சம் வரை உத்தரவிடலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கோவையிலேயே நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

மாணவர்களுக்கு இதைவிடச் சின்ன வேலைதான். அடுத்த டூருக்கு யாருடைய ஜீப்பிலாவது ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மச்சி, இதுக்கு பேக்கேஜா, தேர்டு பார்ட்டி மட்டுமா?"

கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். "தெரியாது" என்று பதில் வந்தால், ஆர்.சி. புக்கோடு இருக்கும் அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டு ஏறுங்கள்.